கோதுமை மா ரொட்டியும் சீனியைக் கூட்டும்

ஒரு அண்ணன் தன் பதிவில், சீனி வருத்தம் (நீரிழிவு) உள்ளவர்கள் சோற்றை விட்டால் போதும், கோதுமை மா ரொட்டி எவ்வளவு சாப்பிட்டாலும் இரத்தத்தில் சீனி கூடாது என்று எழுதியிருக்கிறார். அக்கறையோடுதான் சொல்கிறார், ஆனால் அது சரியில்லை.

நம் தோட்டப் பக்கம் காலையில் தட்டும் ரொட்டி பெரும்பாலும் தவிடு நீக்கிய வெள்ளை மாவில்தான். அந்த மாவில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 75 கிராம் மாச்சத்து. வெள்ளை அரிசியில் ஏறத்தாழ 80. இரண்டும் குடலில் குளுக்கோஸ் என்ற சீனியாகத்தான் மாறும். சோறு தண்ணீரை இழுத்து உப்பிவிடுவதால் கோப்பை நிறைந்து தெரிகிறது. ரொட்டி அப்படி இல்லை, மூன்று சாப்பிட்டாலும் கொஞ்சமாகவே தோன்றும். ஏமாறுவது இங்கேதான்.

நீங்களே பார்க்கலாம். மா பக்கட்டின் பின்புறம் காபோஹைதரேற்று (மாச்சத்து) என்ற வரியை வாசித்து, அரிசி பக்கட்டோடு ஒப்பிடுங்கள். வீட்டில் இரத்தச் சீனி பார்க்கும் கருவி (குளுக்கோமீட்டர்) இருந்தால் ஒரு நாள் வழக்கமான சோறு, இன்னொரு நாள் வழக்கமான ரொட்டி. சாப்பிடும் முன்பும், சாப்பிடத் தொடங்கி இரண்டு மணித்தியாலத்திலும் சோதித்து எழுதி வையுங்கள். அடுத்த கிளினிக்கில் அந்தத் தாளைக் காட்டினால் டொக்டரே விளக்குவார்.

ரொட்டியை விடச் சொல்லவில்லை. அளவைக் குறைத்து, வெறும் சம்பலோடு நிறுத்தாமல் பருப்பும் கீரையும் கூடச் சேருங்கள். அந்தப் பதிவை நம்பி யாரும் சீனி வருத்த மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம், தயவுசெய்து.