பச்சை எரியுது, ஆளைத்தான் காணோம்

ரிசப்ஷன் போனுக்குப் பக்கத்தில் ஒரு பட்டன் பலகையை மாட்டிவிட்டு, "இனி உங்களுக்கு வேலை ஈசி மேடம்" என்று சொல்லிப் போனார்கள். ஆபீஸில் ஒவ்வொருவர் மேஜை போனுக்கும், அதாவது எக்ஸ்டென்ஷனுக்கும், ஒரு பட்டன். பச்சை எரிந்தால் லைன் ஃப்ரீ, சிவப்பு என்றால் பேசிக்கொண்டிருக்கிறார். லைன் ஃப்ரீ, சரி. ஆள் சீட்டில் இருக்கிறாரா, கேன்டீனில் வடை தின்கிறாரா, அது அந்த விளக்குக்கு எப்படித் தெரியும்? அடித்து ஓயும், கால் திரும்ப என்னிடமே வரும், திட்டும் எனக்கே.

பெயர்ச்சீட்டு இன்னொரு கூத்து. ரிட்டயர் ஆன அக்கவுண்ட்ஸ் சார் பெயர் இன்னும் அங்கேயே இருக்கிறது. அமுக்கினால் ஸ்டோர்ஸில் அடிக்கிறது. பிளாஸ்டிக் மூடியை நகத்தால் நெம்பி, பட்டன் அகலத்துக்குச் சீட்டு வெட்டி, எறும்பு சைஸில் எழுதிச் சொருகலாம். நகம் போனதுதான் மிச்சம். பக்கத்துப் பட்டனில் உள்ளே இருக்கும் நம்பரே தப்பு, அதை ஐடி ஆள்தான் மாற்ற வேண்டும். கேட்டால், "கம்ப்ளெயின்ட் டிக்கெட் போடுங்க."

பேச்சின் நடுவே பட்டனை அமுக்கினால் கால் ட்ரான்ஸ்ஃபர் ஆகுமா, கஸ்டமரை ஹோல்டில் போட்டுவிட்டுப் புதுக் கால் போகுமா என்பது செட்டிங்கைப் பொறுத்ததாம். எந்த செட்டிங் என்று யாராவது ஒரு வார்த்தை சொன்னால்தானே! எம்.டி. பட்டன் மட்டும் எப்போதும் சிவப்பு.