83–66 என்ற கணக்கை வைத்து கோபயாஷியை அளக்காதீர்கள்

2024 செப்டம்பர் 2-ஆம் தேதி லாஸ் வேகாஸில் நெட்ஃபிளிக்ஸ் நேரலையில் நடந்த, 10 நிமிடத்தில் யார் அதிக ஹாட் டாக் (பன்னுக்குள் சாசேஜ்) தின்பது என்ற போட்டி: அமெரிக்காவின் ஜோயி செஸ்ட்நட் 83, ஜப்பானின் தகேரு கோபயாஷி 66. அன்றிலிருந்து இந்த இரண்டு எண்களை மட்டும் போட்டு, கோபயாஷி எப்போதுமே இரண்டாம் இடத்துக்காரர்தான் என்று முடிவு கட்டுகிறவர்கள் நிறையப் பேர். இதை ஏற்கவே முடியாது. செஸ்ட்நட் மகத்தான போட்டியாளர், அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் அவர் இறங்கிய களத்தை இன்றைய களமாக மாற்றியவர் கோபயாஷி.

நியூயார்க்கின் கோனி ஐலண்டில் ஒவ்வொரு ஜூலை 4-ஆம் தேதியும் நேதன்ஸ் என்ற ஹாட் டாக் நிறுவனத்தின் தின்னும் போட்டி நடக்கும். 1997, 98 இரண்டு ஆண்டுகளும் ஹிரோஃபுமி நகாஜிமா வென்றார். 2000-இல் கசுத்தோயோ அராய் 12 நிமிடத்தில் 25-ம் அரைக்காலும் தின்று சாதனை வைத்தார். அந்த வருடம் முதல் மூன்று இடமும் ஜப்பானியர்களுக்கே. எல்லோரும் சாதாரணமாகச் சாப்பிடுவதையே கொஞ்சம் வேகமாகச் செய்துகொண்டிருந்த காலம் அது. அடுத்த வருடம் 23 வயது கோபயாஷி வந்து, அதே 12 நிமிடத்தில் 50 முடித்தார். ஒரேயடியாக இரண்டு மடங்கு! எண்ணிக்கையைத் தூக்கிக் காட்ட வைத்திருந்த அட்டைகள் தீர்ந்துபோய், கையால் எழுதிக் காட்ட வேண்டியதாயிற்று. 2006 வரை ஆறு வருடம், வென்றவருக்குத் தரும் அந்தக் கடுகு மஞ்சள் பெல்ட் அவரிடமே இருந்தது.

அவர் செய்தது என்ன? சாசேஜை பன்னிலிருந்து உருவுவார். நடுவில் இரண்டாக ஒடித்து, இரண்டு துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே வாயாகத் திணிப்பார். குழந்தையை இரண்டாக வெட்டச் சொன்ன அரசரின் கதையை நினைத்து இதற்கு சாலமன் முறை என்று பெயர். பன் தனி வேலை. தண்ணீரில் முக்கி, பிழிந்து, உருண்டையாக்கி விழுங்குவார். பன்னில் பாதிக்கு மேல் காற்றுதான். அதை உலர்ந்தபடியே மென்றால் எச்சிலை எல்லாம் உறிஞ்சிக்கொண்டு அண்ணத்தில் ஒட்டும். எச்சில் ஊறுகிற வேகம்தான் அதன்பின் சாப்பிடுகிற வேகம். நனைத்தால் காற்று வெளியேறி, உருண்டை சுருங்கி, வழுக்கிக்கொண்டு இறங்கும்.

சொல்ல எளிது, செய்வது கஷ்டம். அதிகம் ஊறினால் பன் குவளைக்குள்ளேயே கரைந்துவிடும். கரைந்து சிந்தியதை நடுவர் கணக்கில் கழித்துவிடுவார். பிழியாமல் விழுங்கினால் தண்ணீர் போய் வயிற்றில் இடத்தை அடைக்கும். ஒரு ஹாட் டாக் பன்னோடு சேர்த்து ஏறத்தாழ 100 கிராம் என்றால், 50 என்பது 5 கிலோ. அதற்கு மேல் ஒவ்வொரு மிடறு தண்ணீரும் ஒரு செலவு. உடம்பை இடுப்பிலிருந்து நெளித்து ஆட்டுவாரே, உணவு இரைப்பையில் கீழே படிந்து மேலே இடம் கிடைக்கட்டும் என்பதற்காக. மணி அடிக்கும்போது வாயில் இருப்பதை விழுங்கி முடித்தால்தான் கணக்கில் சேரும். வாந்தி வந்தால் தகுதி போயிற்று.

வயிற்றுக்கு முன்னால் கைவிடுவது பெரும்பாலும் தாடை. 2007-இல் கோபயாஷிக்கு நடந்தது அதுதான். தாடை மூட்டு வாதத்தோடு மேடை ஏறினார். செஸ்ட்நட் 66, கோபயாஷி 63. ஆறு வருட ஆட்சி மூன்று ஹாட் டாக்கில் முடிந்தது. 2008-இல் நேரத்தை 10 நிமிடமாகக் குறைத்தார்கள், இருவரும் 59. சமன் ஆனதால் ஆளுக்கு 5 வைத்து யார் முதலில் முடிக்கிறார் என்று பார்த்தார்கள். செஸ்ட்நட் நூலிழையில் முந்தினார். 2009-இல் 68-க்கு 64½. இவ்வளவு நெருக்கமாக ஓடிய ஒரு போட்டி, அடுத்த வருடமே வாயால் இல்லாமல் காகிதத்தால் தீர்ந்தது என்பதுதான் என் ஆதங்கம். வேறு அமைப்புகளின் போட்டிகளில் கலந்துகொள்ளக் கூடாது என்ற ஒப்பந்தத்தில் கோபயாஷி கையெழுத்திடவில்லை. 2010-இல் பார்வையாளராக வந்து, போட்டி முடிந்ததும் மேடை ஏறப் போய்க் கைதானார். வழக்கு பிறகு தள்ளுபடியாயிற்று. 2011-இல் கோனி ஐலண்டில் செஸ்ட்நட் 62 தின்ற அதே நேரத்தில், மன்ஹாட்டனில் ஒரு மொட்டை மாடியில் இவர் 69 முடித்தார். அது அதிகாரப்பூர்வக் கணக்கில் ஏறவில்லை. இருவரும் உச்சத்தில் இருந்த வருடங்கள் இப்படியே வீணாகப் போயின. 2024-இல் செஸ்ட்நட்டையும் வேறொரு விளம்பர ஒப்பந்தத்துக்காக அதே நேதன்ஸ் மேடையிலிருந்து விலக்கினார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

இப்போது அந்த 83–66-க்கு வருவோம். லாஸ் வேகாஸில் பன்னைத் தண்ணீரில் முக்கக் கூடாது என்று விதி. கோபயாஷிக்கு வயது 46. கோனி ஐலண்டில் 10 நிமிடத்தில் அவருடைய அதிகபட்சம் 64½. தானே கொண்டுவந்த உத்தியைப் பறிகொடுத்துவிட்டு, 46 வயதில் அதைவிட ஒன்றரை கூடுதலாகத் தின்றிருக்கிறார். இதையா தோல்விக் கணக்கில் எழுதுவது?

இன்னொரு விஷயம், ஜப்பானுக்குள் பேரும் புகழும் நிற்பது இந்த எண்களில் அல்ல. அங்கே ஹயாகுயி வேறு, ஓகுயி வேறு. முன்னது வேகம், பின்னது அளவு. கோனி ஐலண்ட் முழுக்க ஹயாகுயி. ஓகுயியில் ஒரு சுற்றே 45 நிமிடம், 60 நிமிடம் போகும். அங்கே கோபயாஷியின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகிறவர் செஸ்ட்நட் அல்ல, 190 சென்டிமீட்டரைத் தாண்டிய உயரம் கொண்ட நொபுயுகி ஷிரோத்தா. "ஜயன்ட்" என்றே பெயர். 2001, 2002-இல் டிபிஎஸ் தொலைக்காட்சியின் ஃபுட் பேட்டில் கிளப் நிகழ்ச்சியில் இவர்கள் மோதியதைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் அதைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

ஓகுயியில் ராமென், அதாவது சூடான சாற்றில் வரும் நூடுல்ஸ், தின்னும் சுற்றைக் கவனித்துப் பாருங்கள், வேறு உலகம். முதல் எதிரி சூடு. சூடு தாங்காதவர்களை ஜப்பானில் "பூனை நாக்கு" என்பார்கள். அவர்கள் நூடுல்ஸைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து ஆறவைப்பார்கள். ஆறவைக்கிற நேரத்தில் மீதி நூடுல்ஸ் சாற்றில் ஊறி உப்பும், கனம் கூடும். இரண்டாவது எதிரி சலிப்பு. ஒரே உப்பு, ஒரே கொழுப்பு, எட்டாவது கிண்ணத்தில் நாக்கு மறுத்துவிடும். அதற்காகவே வினிகரோ மிளகாயோ சேர்த்துச் சுவையை மாற்றுவார்கள். அதை எந்தக் கிண்ணத்தில் செய்வது என்பதில்தான் அனுபவம் தெரியும். சீக்கிரமே மாற்றிவிட்டால் கடைசி இருபது நிமிடத்துக்குக் கையிருப்பு எதுவும் இருக்காது.

2002-இல் பள்ளி மதிய உணவில் யார் முதலில் ரொட்டியை முடிப்பது என்று போட்டி போட்டு, தொண்டை அடைத்து, 14 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். அதன்பின் தொலைக்காட்சிகள் இந்த நிகழ்ச்சிகளை நிறுத்தின. நிறுத்தியது சரியே. 2005-இல் டிவி டோக்கியோ ஓகுயியைத் திரும்பக் கொண்டுவந்தபோது வெளிச்சத்துக்கு வந்தவர் கியால் சோனே. அவரைவிட அதிகம் தின்றவர்கள் உண்டு. ஆனால் சிந்தாமல், முகம் சுளிக்காமல், ருசித்துச் சாப்பிடுவார். அதனால்தான் பிரபலமாகி, இன்றும் வீட்டு டிவியில் இருக்கிறார். மொரியோக்காவில் ரொட்டிக் கடை நடத்திய ஹட்சுயோ சுகவாராவுக்கு "சூனியக்காரி" என்று பட்டம். நாற்பது வயதுக்கு மேல் இளையவர்களோடு மோதிப் பெற்ற பட்டம் அது. 2022 டிசம்பரில் புற்றுநோயில் போய்விட்டார். அவர் எத்தனை கிண்ணம் தின்றார் என்று கேட்டால் ரசிகர்கள் யோசிப்பார்கள், எப்படி உட்கார்ந்து தின்றார் என்று கேட்டால் உடனே சொல்வார்கள்.

2025 ஜூலை 4-இல் செஸ்ட்நட் திரும்பி வந்து 70½ தின்று பெல்ட்டை வாங்கினார். அந்தக் காணொளியில் அவர் வாயைப் பார்க்காதீர்கள், மேசையைப் பாருங்கள். ஒவ்வொருவர் முன்னாலும் குவளைகள். வலது கை சாசேஜுக்கு, இடது கை பன்னோடு தண்ணீருக்குள்.