ஐந்து கேள்விக்குறிகள்

'தமிழ்' என்ற சொல் ஒருநாள் காலையில் என் இணையதளத்தில் ஐந்து கேள்விக்குறிகளாகக் கிடந்தது. த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. கணினிக் கணக்கில் அது ஐந்து குறி. எல்லாக் கட்டுரையும் அதே கதிதான். வரிவரியாகக் கேள்விக்குறி, நடுநடுவே ஆண்டுகள் மட்டும் பத்திரமாக.

எங்கள் ஊர்க் கதைகளுக்காக 2009ல் வேர்ட்பிரஸில் தொடங்கிய தளம் அது. கட்டுரைகளை டேட்டாபேஸ் என்கிற தகவல் கிடங்கில் போட்டு வைக்கிற மென்பொருள் வேர்ட்பிரஸ். ஹோஸ்டிங்காரர்கள் பழைய சர்வரிலிருந்து புதியதற்கு மாற்றினார்கள். மாற்றும்போது எழுத்துகளெல்லாம் 'லத்தீன்1' என்ற ஐரோப்பிய எழுத்துப் பட்டியலுக்குப் போய்விட்டன. அந்தப் பட்டியலில் தமிழே கிடையாது. பூச்சி பூச்சியாகத் தெரிந்திருந்தால்கூடக் கவலைப்பட்டிருக்க மாட்டேன். பெரும்பாலும் பைட்டுகள், அதாவது எழுத்தைக் குறிக்கும் கணினி எண்கள், உள்ளே அப்படியே இருக்கும், மீட்டுவிடலாம். டேட்டாபேஸிலேயே கேள்விக்குறி விழுந்திருந்தால் மூலமே போய்விட்டது என்று அர்த்தம். பேக்கப்பைத் திறந்து பார்த்தேன். மாற்றியதற்கு மறுநாள் எடுத்த பேக்கப்!

காப்பாற்றியது மின்வெட்டு. எந்த நேரத்தில் கரண்ட் போகுமோ என்று எதையும் முதலில் நோட்பேடில் எழுதி, இரண்டு வரிக்கு ஒருமுறை சேவ் செய்கிற பழக்கம் அப்போது இருந்தது. பழைய பென்டிரைவ் ஒன்றில் 232 கட்டுரைகளில் 210 கிடைத்தன, யூனிகோடில், ஒரு எழுத்து பிசகாமல்.

அதோடு டேட்டாபேஸுக்குக் கும்பிடு போட்டேன். இப்போது ஒரு கட்டுரைக்கு ஒரு டெக்ஸ்ட் ஃபைல். தலையில் மூன்று கோடு, தலைப்பு, தேதி, மறுபடி மூன்று கோடு. கீழே மார்க்டவுன் என்ற எளிய குறியீட்டு முறையில் கட்டுரை. ஹியூகோ என்ற கருவியை ஓடவிட்டால் சில நொடிகளில் மொத்தத் தளமும் எச்டிஎம்எல் பக்கங்களாகிவிடும். அவற்றை ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது. ஒன்றும் புதுசில்லை. மார்க்டவுன் 2004ல் வந்தது, ஹியூகோ மாதிரியே வேலை செய்கிற ஜெக்கில் 2008ல், ஹியூகோ 2013ல்.

மாதம் ஒரு கட்டுரை போடுகிற தளத்துக்கு டேட்டாபேஸ் எதற்கு என்பதுதான் என் கேள்வி. யார் வந்து பார்த்தாலும் பிஎச்பி நிரல் போய் மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸைத் தட்டி எழுப்பி, நேற்றுக் கொடுத்த அதே கட்டுரையை மறுபடி கேட்கிறது. பந்தியில் இலைக்கு இலை தனியாகச் சாம்பார் கொதிக்க வைக்கிற மாதிரி. தளம் மெதுவாக இருக்கிறதே என்று கேஷ் பிளகின் என்ற துணை நிரலைப் போடுவோம். அது என்ன செய்கிறது தெரியுமா? பல பிளகின்கள் பக்கங்களை எச்டிஎம்எல் ஃபைலாகத்தான் எழுதி வைக்கின்றன. சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்கிறோம்.

இன்னொரு கூத்து. மைஎஸ்க்யூஎல்லில் 'யுடிஎஃப்8' என்று பெயர் வைத்திருந்த யூனிகோடு வகை ஓர் எழுத்துக்கு மூன்று பைட் வரைதான் தாங்கும். தமிழுக்குச் சரியாக மூன்று, தப்பித்தோம். ஸ்மைலிக்கு நான்கு. கட்டுரை நடுவே ஒரு சிரிப்புப் பொம்மை வைத்தால், அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் சத்தமில்லாமல் வெட்டுப்படும் சர்வர்களும் உண்டு. நான்கு பைட் தாங்குகிற வகை 2010ல் வந்தது. வேர்ட்பிரஸ் அதற்கு மாற 2015 ஆனது.

தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தைப் பாருங்கள். 1998 பொங்கலன்று தொடங்கியது. மயிலை எழுத்துரு, பிறகு திஸ்கி, பிறகு யூனிகோடு என்று குறியேற்றம், அதாவது எழுத்துக்குக் கணினி எண் தரும் முறை, மாறிக்கொண்டே வந்தபோதும் பழந்தமிழ் நூல்கள் கூடவே வந்தன. ஒரு நூல், ஒரு ஃபைல், எடுத்து மாற்றிவிடலாம்.

எல்லாரும் இப்படி மாறுங்கள் என்று சொல்லவில்லை. கடை நடத்துகிறவர், பத்துப் பேர் ஒரே நேரத்தில் எழுதுகிற செய்தித்தளம், அவர்களுக்கு டேட்டாபேஸ் வேண்டும். "எங்க அம்மா ஒரு குறிப்பு போடணும்னா கிட் கத்துக்கணுமாடா?" என்று நண்பன் கேட்டான். கிட் என்பது ஃபைல் மாற்றங்களைப் பதிவு செய்ய நிரலாளர்கள் வைத்திருக்கிற கருவி. நியாயமான கேள்வி, என்னிடம் நல்ல பதில் இல்லை. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் வாட்ஸாப்பில் அனுப்புகிறார்கள், நான்தான் ஃபைலாக்குகிறேன். பின்னூட்டப் பெட்டியும் போச்சு. அதை நினைத்துத் தூக்கம் கெடவில்லை.

தொலைந்த 22ல் ஒன்று, பஞ்ச காலத்தில் கிணறு வெட்டியது பற்றிப் பெரியப்பா சொல்லச் சொல்ல எழுதியது. போன மாதம் மறுபடி அவரிடம் போய் உட்கார்ந்தேன். சொன்னார். முன்பு பாறை உடைத்தவர்கள் நாலு பேர், இப்போது ஏழு பேர். தண்ணீரும் இன்னும் பத்தடி கீழே போய்விட்டது.