300 மீட்டர் என்பது திறந்தவெளிக் கணக்கு

அண்ணா, "பிள்ளையைக் கண்காணிக்கும் பேபி மானிட்டரின் பெட்டியில் 300 மீட்டர் என்று போட்டிருந்தால் போதும், பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு கொண்டோ அடுக்குமாடிக்குக் கீழே இருக்கும் மாமாக் சாப்பாட்டுக் கடை வரை போய்வரலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை.

அந்த 300 மீட்டர், நடுவில் தடையே இல்லாத வெளிக்குச் சொல்வது. திடலின் இரு முனையில் நின்றால் ஒருவேளை கிடைக்கும். இங்கே கோலாலம்பூர் செந்தூலில் நாங்கள் இருக்கும் கட்டடம் முழுக்க கான்கிரீட்டும் இரும்புக் கம்பியும்தான்; ஒவ்வொரு சுவரும் தளமும் அலையைத் தின்றுவிடும். இணையம் தேவைப்படாத வீடியோ மானிட்டர்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுபவை. பக்கத்து வீட்டு வைஃபை, நம் மைக்ரோவேவ் எல்லாம் அங்கேயேதான் நெரிசல். எங்களுடையது இரண்டு அறை தாண்டி அடுப்படிக்கு வந்தாலே படம் உறைந்துவிடும். அதன் பெட்டியிலும் 300 மீட்டர்தான்!

அதனால் தொலைவு எண்ணை விட்டுவிட்டு, சிக்னல் போனால் சத்தம் கொடுக்குமா, சரிப்படாவிட்டால் கடையில் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேட்டு வாங்குங்கள். வைஃபை வகையில் கைபேசியில் எங்கிருந்தும் பார்க்கலாம், சரி. ஆனால் பிள்ளை வாந்தி எடுக்கும்போது நீங்கள் லிஃப்டுக்குக் காத்துக்கொண்டிருந்தால், பார்த்து என்ன பயன்?

அப்புறம், கேமராவைத் தொட்டில் கம்பியிலேயே மாட்டச் சொன்னவருக்கு: வேண்டாம். ஒயர் பிள்ளையின் கழுத்தில் சுற்றிக்கொள்ளும். கேமராவும் ஒயரும் தொட்டிலிலிருந்து குறைந்தது 3 அடி தள்ளியே இருக்கட்டும்.