கானுக்கு வேலி கட்ட முடியாது

மலையகத்து லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) கான் என்கிற தண்ணீர் வடிகால் அடைத்தால் தோட்டத்து ஆபீஸில் போய்ச் சொல்லலாம். செய்தார்களா இல்லையா என்பது வேறு கதை. இப்போது 7 பேர்ச் காணியில் தனி வீடு வந்துவிட்டது, சொல்லப் போக ஆள் இல்லை. அதனால் பல வீட்டுத்திட்டங்களில் எடுத்த முடிவு: அவரவர் வீட்டு முன்னால் உள்ள கானை அவரவர் வெட்டிக்கொள்வது. நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் என் கணிப்பில் பாதிப் பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது.

மேல் வீட்டுக்காரர் தன் பங்கைச் சுத்தமாக வெட்டினால் அந்த மண்ணெல்லாம் அடுத்த மழையில் கீழ் வீட்டுக் கானில் படியும். நடுவில் ஒரு வீடு பூட்டிக் கிடந்தால் (கொழும்புக்கு வேலைக்குப் போன வீடு எந்த வரிசையில் இல்லை?) தண்ணீர் அங்கே ஏறி, மேல் வீட்டு மண் சரியாமல் தாங்கும் அணைச்சுவரின் முதுகுக்குள் இறங்கும். ஆகவே கானை வீட்டுக் கணக்கில் பிரிக்காதீர்கள். முழு வரிசையும் ஒரே நாளில் இறங்கி, தண்ணீர் வெளியேறும் கீழ் வாயிலிருந்து மேல்நோக்கி வெட்டிக்கொண்டு போக வேண்டும். வெட்டிய மண்ணைக் கான் கரையிலேயே குவித்தால் செய்த வேலை வீண். பெருமழை தொடங்கும் முன், அட்டன், மஸ்கெலியா பக்கம் ஏப்ரல் முடிவதற்குள், பதுளைப் பக்கம் செப்டம்பருக்குள் இது முடிந்திருக்க வேண்டும்.

அணைச்சுவர்தான் பெரிய தகராறு. மண் மேல் வீட்டினுடையது, விழுந்தால் சாவது கீழ் வீடு. செலவைப் பாதி பாதியாகப் போடுவதுதான் சரி என்பேன். சுவரைத் தள்ளுவது பெரும்பாலும் மண்ணை விட அதில் ஊறி நிற்கும் தண்ணீர். அதற்காகத்தான் சுவரில் 2, 3 அங்குலப் பைப் துண்டுகளை வைத்து, பின்னால் சல்லி போடுகிறார்கள். சேற்றுத் தண்ணீர் முற்றத்தில் வடிகிறது என்று கீழ் வீட்டுக்காரர் அந்த ஓட்டையைச் சீமெந்தால் அடைப்பார். அடுத்த பெருமழைகளில் சுவர் வயிறு தள்ளும். மேல் வீட்டுக்காரரின் பங்குக்கு, குளிக்கிற தண்ணீரும் சமையலறைத் தண்ணீரும் சுவருக்குப் பின்னால் மண்ணில் ஊறக்கூடாது, பைப்பில் கானுக்குப் போக வேண்டும். சுவரிலோ மேல் முற்றத்திலோ புது வெடிப்பு தெரிந்தால் பூசி மறைக்காமல் கிராம சேவகருக்குச் சொல்லுங்கள். 24 மணித்தியாலத்தில் 150 மில்லிமீற்றர் மழை என்றால் அது வீட்டை விட்டு வெளியேற வேண்டிய அளவு.

மேலே உள்ள ஊற்றிலிருந்து பைப்பில் இறக்கும் தண்ணீரிலும் இதே மேல் வீடு, கீழ் வீடு கதைதான். 10 மீற்றர் இறக்கத்துக்கு ஏறக்குறைய 1 பார் அழுத்தம் கூடும். டைப் 600 என்கிற பிவிசி பைப் 60 மீற்றர் இறக்கத்தின் அழுத்தம் வரை தாங்கும்; 80 மீற்றர் இறக்கத்தில் அதைப் போட்டால் கீழ்ப்பகுதியில் திரும்பத் திரும்ப வெடிக்கும். அங்கே அதைவிட அழுத்தம் தாங்கும் டைப் 1000 போட வேண்டும், இல்லையென்றால் நடுவில் அழுத்தத்தை உடைக்க ஒரு சிறு தொட்டி கட்ட வேண்டும். கீழ் வீடுகள் குழாயைத் திறந்தால் மேல் வீட்டுக்குச் சொட்டும் வராது. கீழ்க் கிளைப் பைப்புகளில் தண்ணீரைத் திறந்து மூடும் கேட் வால்வைப் பாதி மூடி வைத்தாலே பாதிச் சண்டை தீரும்.

காசு சேராது என்கிறவர்கள், மரண உதவிச் சங்கத்துக்கு மாதம் தவறாமல் கட்டுகிறவர்கள்தான். அங்கே பற்றுச்சீட்டு இருக்கிறது, கணக்கை எல்லார் முன்னும் வாசிக்கிறார்கள். கானுக்கும் அப்படி ஒரு கொப்பி போடுங்கள். சேரும் காசில் முதலில் இரண்டு நீளப் பைப், பைப்பை இணைக்க நாலு சொக்கெட், ஒரு கேட் வால்வு, ஒரு டின் பசை வாங்கி வையுங்கள். பைப் வெடிப்பது எப்போதும் கடை பூட்டிய பிறகுதான்.