தொங்கிப் பார்க்க விடாத கடைகள்

ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் நிழல் மரங்களின் கிளைகளைக் கழிக்கும் எனக்கு, மரத்தில் தொங்கியபடி வேலை செய்ய இடுப்பில் கட்டும் ஒரு நல்ல பாதுகாப்புப் பட்டை (ஹார்னஸ்) வாங்குவது சில்வர் ஓக் மரத்தில் ஏறுவதைவிடக் கடினமாகிவிட்டது. 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலத்துக்குப் போனால், கடைக்காரர் எடுத்துப் போடுவது கட்டட வேலைக்கான முழு உடல் பட்டையைத்தான். கயிறு மாட்டும் அதன் வளையம் முதுகில் இருக்கிறது. தவறி விழுபவரைப் பிடித்து நிறுத்தச் செய்த பொருள் அது, மணிக்கணக்கில் அதில் அமர்ந்தபடி கிளை அறுப்பதற்கானது அன்று. மரத்தில் வேலை செய்பவருக்கு இடுப்பின் இருபுறமும் வளையங்களும், உடல் சாயும் பக்கமெல்லாம் ஏறுகயிறு நகர்ந்துகொடுக்க முன்புறம் ஒரு குறுக்குக் கயிறும், எல்லாவற்றுக்கும் மேலாக அகலமான தொடைப் பட்டைகளும் வேண்டும்.

"எல்லா இடுப்புக்கும் சேரும் சார்" என்ற சொல்லை நம்பிச் சென்ற முறை வாங்கியதன் தொடைப் பட்டை இரண்டு விரல் அகலம்கூட இல்லை. மிளகுக் கொடி படர்ந்த மரத்தில், கொடி அறுந்துவிடாமல் ஒருக்களித்துத் தொங்கிய பத்தாவது நிமிடத்தில் வலது கால் மரத்துப்போனது. (மரமேறியின் கால் மரத்துப்போவதில் சிலேடை இருக்கிறது, எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.) தொடையில் பதிந்த சிவப்புத் தடம் இரவுச் சாப்பாட்டு வேளையிலும் மறையவில்லை.

இம்முறை, விட்டத்தில் கயிறு கட்டிக் கால் மணி நேரம் தொங்கிப் பார்க்கலாமா என்று கேட்டேன். முந்நூறு ரூபாய்ச் செருப்பைப் போட்டு நடந்து பார்க்கச் சொல்லும் அதே கடைவீதியில், என் உயிரைத் தாங்கும் பட்டையைக் கேட்ட என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உறையைப் பிரித்தால் திரும்ப எடுக்கமாட்டோம் என்றார் கடைக்காரர்.