பாயோடு ஒட்ட வைத்தது யார்?

மட்டக்களப்பான் வெளியூர் போனால் ஒரு கேள்விக்குத் தப்ப முடியாது. "நீங்கள் பாயோடு ஒட்ட வைக்கிற ஆக்கள்தானே?" யாழ்ப்பாணத்தில் வேலை கிடைத்து வாடகைக்கு அறை எடுத்த முதல் நாளே வீட்டுக்கார அம்மா என்னிடம் கேட்டுவிட்டார். நாங்கள் மந்திரம் போட்டு, வந்தவனைப் பாயிலிருந்து எழும்பவிடாமல் செய்துவிடுவோமாம். நாங்களும் லேசுப்பட்டவர்களா? "அது எங்கட உபசரிப்பு, எருமைத் தயிரும் தேனும் தின்றவனுக்கு எழும்ப மனம் வராது" என்று ஒரு பதிலைத் தயாராக வைத்திருக்கிறோம். நானும் இருபது வருடமாக அதையே சொல்லித் திரிந்தேன்.

போன ஆவணியில் மட்டக்களப்புக் கல்லடியில் என் மாமியையே ஒருத்தி பாயோடு ஒட்ட வைத்துவிட்டுப் போனாள். மந்திரம் இல்லை, தயிரும் இல்லை. வெறும் கதை.

காலை பதினொரு மணி. மாமா சந்தைக்குப் போயிருக்கிறார். படலையடியில் இரண்டு பெண்கள், ஒருத்திக்கு ஐம்பது வயதிருக்கும், மற்றவள் இளையவள். குடிக்கத் தண்ணீர் கேட்டார்கள். மாமி கொடுத்தார். மூத்தவள் வாசற்படியில் இருந்துகொண்டு, "சரியான வெயில்" என்றாள். ஓம் என்றார் மாமி. "கேட்ட உடனே தண்ணி தந்தீங்க." ஓம். "இந்த வேம்புக்குக் கீழ நல்ல குளிர்ச்சி." ஓம். "இந்த வீட்டுப் பிள்ளை ஒண்டு தூரத்தில இருக்கு." மாமி திடுக்கிட்டுப் போனார், என் மைத்துனன் கத்தாரில். (எங்கள் பக்கத்தில் எந்தப் படலையைத் தட்டிச் சொன்னாலும் இது அநேகமாகச் சரிவரும்.) "வெளியில சிரிச்சுக் கதைப்பீங்க. உள்ளுக்குள்ள ஆருக்கும் சொல்லாத கவலை ஒண்டு கிடக்கு." மாமி அழத் தொடங்கிவிட்டார்.

பிள்ளைக்குக் கண்ணூறாம், கழிக்க வேண்டுமாம். "காப்பை இப்பவே கழட்டுறீங்களா, விளக்கேத்திப்போட்டுக் கழட்டுறீங்களா?" மாமி விளக்கேற்றிவிட்டுக் கழற்றினார். மஞ்சள் துணியில் முடிந்து, சாமியறையில் வைத்து, பொழுதுபடும்வரை அவிழ்க்கக்கூடாது, ஆரிடமும் சொல்லக்கூடாது என்றாள். பொழுதுபட்டு அவிழ்த்தால் தண்ணீர்க்குழாயில் அறுத்த இரண்டு பிளாஸ்டிக் வளையம்.

பிறகு ஊர் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதி, "மை தடவிட்டாளுகள், கிளாஸில பவுடர் இருந்திருக்கும்" என்றது. மற்றப் பாதி, "இந்தக் காலத்தில இப்பிடியும் ஒரு மனிசி ஏமாறுமா?" என்று சிரித்தது. எனக்கு இரண்டு பாதியிலும் கோபம். சிரித்தவர்களில் ஒருவர் சீட்டுப் பிடித்தவளிடம் மூன்று இலட்சம் விட்டவர் என்பது வேறு கதை.

அந்த எரிச்சலில்தான் நான் ஒரு பயிற்சிக்குப் போனேன். போனில் விளம்பரம் வந்தது: "உரையாடல் ஹிப்னோட்டிசம், மூன்று நாளில் எதிரே இருப்பவரை உங்கள் சொற்படி நடக்க வையுங்கள்." கட்டணம் 12,500 ரூபாய். யார் நடத்தினார்கள் என்று கேட்டு உள்பெட்டிக்கு வராதீர்கள், சொல்லமாட்டேன். மேடையில் பெரிதாக ஒரு கிழவரின் படம், ஊதா நிறச் சட்டை, கூர்மையான கண். அவர்தான் மில்டன் எரிக்ஸன் என்ற அமெரிக்க மனநல வைத்தியர் என்றார்கள். அவரைப் பற்றி அங்கே சொன்னது பத்து நிமிடம். மிச்சத்தை நான் வீட்டுக்கு வந்து தேடித் தேடி வாசித்தேன். காசு வீண்போகவில்லை என்று மனதைத் தேற்றிக்கொள்ள அதுதான் ஒரு வழி.

கதை எரிக்ஸனுக்கு முன்பே தொடங்குகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் மெஸ்மர் என்ற வைத்தியர், எல்லா உயிருக்குள்ளும் ஒரு காந்த ஓட்டம் இருக்கிறது, அதைத் தன்னால் திருப்ப முடியும் என்று சொல்லி, வியன்னாவிலிருந்து பாரிஸ் போய் ஓகோவென்று வாழ்ந்தார். அவர் தொட்டால் ஆட்கள் வலிப்பு வந்து விழுந்தார்கள், நோய் மாறியது என்றார்கள். 1784இல் பிரான்ஸ் மன்னர் பதினாறாம் லூயி ஒரு விசாரணைக் குழு போட்டார். பெஞ்சமின் பிராங்ளின், வேதியியலாளர் லவாய்சியே எல்லாம் அதில் இருந்தார்கள். அவர்கள் செய்த ஒரு சோதனையை நினைத்தால் எனக்கு மாமி வீட்டு வேம்புதான் ஞாபகம் வரும். பிராங்ளினின் தோட்டத்தில் ஒரே ஒரு மரத்துக்கு மட்டும் 'காந்தம் ஏற்றி', பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனைக் கண்ணைக் கட்டி ஒவ்வொரு மரமாக அணைக்க விட்டார்கள். பையன் நாலாவது மரத்தில் மயங்கி விழுந்தான். காந்தம் ஏற்றிய மரம் அதுவல்ல! காந்தம் என்று ஒன்றும் இல்லை, எல்லாம் கற்பனையின் வேலை என்று குழு எழுதிக் கொடுத்தது.

குழு அதோடு கோப்பை மூடிவிட்டது. எனக்கென்றால் வேலை அங்கேதான் தொடங்குகிறது. கற்பனைதான் காரணம் என்றாலும் பையன் விழுந்தது பொய்யில்லையே.

இதை முதலில் சரியாகப் பிடித்தவர்களில் ஒருவர் நம் பக்கத்து ஆள். கோவாவில் 1756இல் பிறந்து பாரிஸில் வாழ்ந்த பாதிரியார் ஃபரியா. மயக்கம் என்பது மயக்குபவனிடமிருந்து வருவதில்லை, மயங்குபவரின் மனதிலிருந்து வருகிறது என்று சொன்னார். அவருக்குப் பிறகு மான்செஸ்டரில் இருந்த ஸ்கொட்லாந்து சத்திரசிகிச்சை நிபுணர் ஜேம்ஸ் பிரெய்ட், 1843இல் வந்த தன் புத்தகத்தில் கிரேக்க நித்திரைத் தெய்வத்தின் பெயரை வைத்து 'ஹிப்னோட்டிசம்' என்ற சொல்லைப் பரப்பினார். பிறகு, இது நித்திரையே இல்லை, ஒரே எண்ணத்தில் மனம் குவிந்து மற்றதெல்லாம் மங்கிப்போவதுதான் என்று கண்டு பெயரை மாற்றப் பார்த்தார். பழைய பெயர் விடவில்லை. ஹிப்னோட்டிசம் என்றால் நித்திரை என்று நாங்கள் இன்றைக்கும் நினைப்பது அவர் வைத்த பெயரின் வினைதான்.

எரிக்ஸன் 1901இல் அமெரிக்காவில் பிறந்தவர், பண்ணைக்காரர் வீட்டுப் பிள்ளை. பதினேழு வயதில் போலியோ. உடம்பு அசையாது, கண் மட்டும் அசையும். விடியும்வரை பிள்ளை தாங்காது என்று வைத்தியர்கள் தாயிடம் சொன்னது அவர் காதில் விழுந்தது. சூரியன் மறைவதைப் பார்க்காமல் சாகமாட்டேன் என்று, கட்டிலடியில் இருந்த அலுமாரியைத் திருப்பி வைக்கச் சொல்லி, அதன் கண்ணாடியில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கிடந்தாராம். தப்பிவிட்டார். அசைய முடியாமல் கிடந்த மாதங்களில் அவருக்கு வேறு வேலை இல்லை, வீட்டார் கதைப்பதைப் பார்ப்பதுதான். சகோதரிகளின் வாய் 'ஓம்' என்னும், முகம் 'இல்லை' என்னும். பின்னாளில் மனநல வைத்தியராகி அவர் செய்ததற்கெல்லாம் மூலதனம் அந்தக் கட்டில்தான்.

அவருடைய கன்றுக்குட்டிக் கதை மாடு வளர்க்கிற எங்கள் படுவான்கரை ஆட்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தகப்பன் கன்றைக் கொட்டிலுக்குள் இழுக்கிறார், அது காலை ஊன்றிக்கொண்டு மறுக்கிறது. சின்னப் பையன் எரிக்ஸன் போய் வாலைப் பிடித்து வெளியே இழுத்தான். கன்று அவனையும் இழுத்துக்கொண்டு உள்ளே ஓடியது.

எங்கள் பெத்தாவுக்கு, அதாவது பாட்டிக்கு, எரிக்ஸனைத் தெரியாது. வாழைச்சேனையைத் தாண்டிப் போனதே இல்லை. இரவில் எங்களைப் படுக்க வைத்துவிட்டுக் கதை சொல்லுவா. நடுவில் குரலை இறக்கி, "கண்ணை மூடிப்போடாத மனே, மூடினா நித்திரை வந்திரும், மறுகா ராசகுமாரி என்ன செய்தாள் எண்டு தெரியாமப் போயிரும்" என்பா. ராசகுமாரி என்ன செய்தாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

உரையாடல் ஹிப்னோட்டிசம் என்பதன் சாரம் இதுதான். தொங்கும் கடிகாரம் இல்லை, "தூங்கு" என்ற கட்டளையும் இல்லை. முதலில் எதிராளி மறுக்க முடியாத சின்னச் சின்ன உண்மைகளைச் சொல்வது. அவர் மனம் ஓம் ஓம் என்று பழகியதும் உண்மை என்று நிரூபிக்க முடியாத ஒன்றை அதே வரிசையில் நுழைப்பது. 'செய்வீர்களா' என்று கேட்காமல், 'இப்பவா, பிறகா' என்று கேட்பது. வேண்டுமென்றே தெளிவில்லாமல், இடைவெளி விட்டுச் சொல்வது, நிரப்பும் வேலையைக் கேட்பவரே செய்துகொள்வார். "ஆருக்கும் சொல்லாத கவலை" என்றாள் அல்லவா? எந்தக் கவலை என்று சொன்னாளா? மாமிதான் தன் கவலையை எடுத்து அந்தப் பாத்திரத்தில் ஊற்றினார். 1948இல் ஃபோரர் என்ற உளவியல் ஆசிரியர் தன் 39 மாணவர்களுக்கும் 'உன் குணம் இதுதான்' என்று ஒரே தாளைக் கொடுத்தார். தனக்கே எழுதியது என்று நினைத்து, அது எவ்வளவு சரி என்று அவர்கள் போட்ட புள்ளி சராசரி ஐந்துக்கு 4.26. பல்கலைக்கழகப் பிள்ளைகள் அவர்கள். என் மாமியைப் பார்த்துச் சிரித்தவர்கள் இந்த இடத்தை இரண்டு தரம் வாசிக்கவும்.

எரிக்ஸன் இதையெல்லாம் காப்புக் கழற்றப் பயன்படுத்தவில்லை. 1966இல் அவர் எழுதிய ஒரு கட்டுரையில், புற்றுநோய் வலியில் துடித்த பூச்செடி வியாபாரி ஒருவர் வருகிறார். ஹிப்னோட்டிசம் என்ற சொல்லே அந்த மனிதருக்குப் பிடிக்காது. எரிக்ஸன் பக்கத்தில் இருந்து தக்காளிச் செடி வளர்வதைப் பற்றிக் கதைத்தார், அவ்வளவுதான். விதை, மழை, வேர் என்று போகும் கதைக்குள் 'அமைதியாக', 'சுகமாக' என்ற சொற்களை, கீரைப் பாத்தியில் விதை தூவுவதுபோல ஆங்காங்கே குரலைச் சற்று மாற்றித் தூவினார். அந்த மனிதரின் வலி தணிந்தது.

இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர்கள் வேறு ஆட்கள். ரிச்சர்ட் பாண்ட்லரும் ஜோன் கிரிண்டரும் எரிக்ஸனைக் கவனித்து, அவருடைய பேச்சு வடிவங்களைப் பிரித்து 1975இல் புத்தகமாகப் போட்டார்கள். அவர்கள் தொடங்கிய என்எல்பி (நியூரோ லிங்குயிஸ்டிக் புரோகிராமிங்) என்ற பயிற்சி முறைதான் இன்றைக்கு விற்பனைப் பயிற்சி, காதல் பயிற்சி, மூன்று நாள் பயிற்சி எல்லாவற்றுக்கும் தாய்வீடு. அதன் பெரிய வாக்குறுதிகளுக்கு ஆய்வுகளில் பலமான ஆதாரம் கிடைக்கவில்லை. கண் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துப் பொய்யைப் பிடிக்கலாம் என்று எங்களுக்கும் அரைநாள் படிப்பித்தார்கள். 2012இல் உளவியலாளர் ரிச்சர்ட் வைஸ்மனும் கூட்டாளிகளும் அதைச் சோதித்துப் பார்த்தார்கள், அப்படி ஒன்றும் பிடிபடவில்லை.

என் கருத்து இதுதான், கோபிக்கிறவர்கள் கோபிக்கலாம். 'எவரையும் சொற்படி ஆட்டலாம்' என்பது வியாபாரப் பொய். ஹிப்னோட்டிசத்துக்கு வசப்படும் அளவு ஆளுக்கு ஆள் மாறும், அதை அளக்க ஸ்டான்போர்டில் 1959இலேயே அளவுகோல் செய்துவிட்டார்கள். அதேநேரம் 'எனக்கு இதெல்லாம் நடக்காது' என்பதும் வெறும் வாய்ச்சவடால். கண்ணகி அம்மன் சடங்கில் உடுக்கு அடிக்கத் தொடங்கியதும் உடம்பு புல்லரிக்காத எத்தனை பேர் எங்கள் ஊரில் இருக்கிறார்கள்? (நம்பிக்கையை நக்கலடிக்கவில்லை. எனக்கும் புல்லரிக்கும்.)

வாய்ச்சவடால் என்று நான் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மூன்றாம் நாள் பின்னேரம் பயிற்சியாளர் மேடையில் சொன்னார்: "மூன்று நாள் வந்தீர்கள். கவனமாகக் கேட்டீர்கள். நிறையக் கற்றுக்கொண்டீர்கள். இதோடு நிற்கமாட்டோம் என்று உங்கள் மனம் ஏற்கனவே முடிவெடுத்துவிட்டது. உயர்நிலைப் பயிற்சிக்கு இன்றைக்குப் பதிகிறீர்களா, நாளைக் காலை பதிகிறீர்களா?" இதே உத்தியைக் காலையில்தான் கொப்பியில் எழுதியிருந்தேன், கீழே சிவப்பில் கோடும் போட்டிருந்தேன். நான் நாளைக் காலை என்றேன். வீட்டுக்கு வரும் வழியில், கல்லடிப் பாலத்தின் நடுவில்தான் உறைத்தது.

அடுத்த ஞாயிறு மாமியிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். மையும் இல்லை, பவுடரும் இல்லை, உங்களில் பிழையும் இல்லை என்றேன். மாமி கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார். இடையில் கிறுகி ஒருதரம் படலையைப் பார்த்தார்.

"எல்லாம் சரி மருமகன். ஆனா அந்த இளையவள் தண்ணி குடிச்சிப்போட்டு, குழாயடிக்குப் போய்க் கிளாஸைக் கழுவித் தந்தாள்கா. எங்கட வீட்டுப் பிள்ளையள்கூட அப்பிடிச் செய்யாது."